பாட்டியின் குடத்தில் தண்ணீர் இருக்கிறதா?: கையால் வரையும் அனிமேஷன் பற்றி ஒரு வாசகிக்குப் பதில்

கரூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் 26 வயது வாசகி ஒருவர், தம் பெயரை வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் நீண்ட கடிதம் ஒன்றை எழுதியிருக்கிறார். ஓவியப் பள்ளி எதிலும் படிக்காதவர். கண்ணாடிப் பலகைக்கு அடியில் எல்இடி விளக்கை வைத்துத் தாமே செய்துகொண்ட லைட் பாக்ஸில், மாலை நேரங்களில் உட்கார்ந்து, ஒரு காட்சியை 72 தாள்களில் வரைந்திருக்கிறார். தெருக்குழாயடியில் ஒரு பாட்டி குனிகிறார், தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறார், நடந்து போகிறார். பென்சிலில் வரைந்து, மையால் கோடிட்டு, வண்ணமும் தீட்டி, ஒவ்வொரு தாளையும் கைபேசியில் படமெடுத்து, ஆறு நொடிக் காணொளியாக ஆக்குவதற்கு மூன்று மாதம் பிடித்தது என்கிறார்.

காட்டியவர்களிடம் கிடைத்த கருத்துகள்தான் அவரைக் குழப்பியிருக்கின்றன. வீட்டில் எல்லோரும் “ரொம்ப நல்லா இருக்கு” என்றார்களாம். விளம்பர நிறுவனம் ஒன்றில் பணிபுரியும் நண்பர், “வெயிட்டே இல்லை, குடம் மிதக்குது, தூக்குறதும் ரொம்ப வேகம்” என்றிருக்கிறார். இன்னொருவர் அதே இடத்தைப் பார்த்துவிட்டு, “இழுவையா இருக்கு, வேகமாக்குங்க” என்றிருக்கிறார். மூன்றாமவர் அனிமேஷனின் பன்னிரண்டு விதிகள் என்ற பட்டியலை அனுப்பி, முதலில் இவற்றைப் படியுங்கள் என்று முடித்துக்கொண்டார். பயிற்சி நிலையம் ஒன்றின் சேர்க்கைப் பிரிவில் இருந்தவர் காணொளியைப் பார்த்துவிட்டு, அடித்தளமே இல்லை, ஓராண்டுப் படிப்பில் சேர்ந்துவிடுங்கள் என்று ஒன்றரை லட்சத்துக்கு மேல் கட்டணம் சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் இப்போது ஏஐ செய்துவிடும் என்று சொன்னவரும் உண்டு. தமக்குத் திறமை இல்லையோ, யாரிடம் காட்டினால் சரியான கருத்துக் கிடைக்கும், காட்டினால் யாராவது பாத்திரத்தைத் திருடிவிடுவார்களோ, கடன் வாங்கிப் படிப்பில் சேரலாமா என்பவை அவருடைய கேள்விகள். காணொளியையும் தாள்களின் படங்களையும் இணைத்திருந்தார்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கேள்விகளில் திறமையைப் பற்றியதை முதலில் ஒதுக்கி வைக்கிறேன். ஆறு நொடிக் காணொளி ஒன்றை வைத்து ஒருவருடைய திறமையை அளக்க எவராலும் முடியாது. அந்தக் காணொளியில் என்ன குறை, அது எந்தத் தாளில் தொடங்குகிறது என்று சொல்லத்தான் முடியும். “வெயிட் இல்லை” என்று உங்கள் நண்பர் சொன்னதை நீங்கள் உங்களைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். அவர் சொன்னது குடத்தைப் பற்றி. முதல் ஆண்டு மாணவர்கள் வரையும் காட்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு இதே கருத்துதான் வரும், ஏனென்றால் தாளுக்கு எடை கிடையாது. எடை இருப்பதாகக் கண்ணை நம்பவைப்பது இந்தத் தொழிலில் தாமதமாகவே கைவரும் பாடம். அதையே முதல் காட்சியாக எடுத்துக்கொண்ட உங்கள் துணிச்சல் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வேகம் என்றவரும் இழுவை என்றவரும்

ஒருவர் வேகம் என்கிறார், மற்றவர் இழுவை என்கிறார், இருவரில் ஒருவர்தான் சரியாக இருக்க முடியும் என்று எழுதியிருக்கிறீர்கள். இருவருமே சரி. உங்கள் தாள்களின் வலது மூலையில் எண் போட்டிருந்ததால் என்னால் இதை எளிதாகக் கண்டுபிடிக்க முடிந்தது. குடம் தரையை விட்டுக் கிளம்பும் 19-ஆம் தாளிலிருந்து இடுப்புக்கு வந்து சேரும் 30-ஆம் தாள் வரை, ஒவ்வொரு தாளிலும் குடத்தின் வாய்ப்பகுதி எங்கே இருக்கிறது என்று ஒரே தாளில் புள்ளி வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு புள்ளிகளும் கிட்டத்தட்ட சம இடைவெளியில், ஒரு நேர்கோட்டில் ஏறுகின்றன. உங்கள் காணொளி நொடிக்கு 24 ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் தனிப்படம்) வேகத்தில், ஒரு தாளுக்கு இரண்டு ஃபிரேம் வீதம் ஓடுகிறது. ஆகவே, குடம் சரியாக ஒரு நொடியில், தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் ஒரே சீராக மேலே போகிறது. கனமான பொருள் எதுவும் அப்படிக் கிளம்பாது. கிளம்பும் இடத்தில் சிரமமே இல்லாததால் ஒருவருக்கு அது வேகமாகத் தெரிந்தது. நடுவில் வேகம் பிடிக்காததால் மற்றவருக்கு இழுவையாகத் தெரிந்தது. நோய் ஒன்று, இருவரும் சொன்னது அதன் இரண்டு அறிகுறிகளை.

கருத்துகளைக் கையாளும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பலர் ஒரே இடத்தைச் சுட்டி முரண்பட்ட தீர்வுகளைச் சொன்னால், அந்த இடத்தில் ஏதோ கோளாறு இருப்பது உறுதி. அவர்கள் சொல்லும் தீர்வுகள் அவ்வளவு உறுதியானவை அல்ல. “வேகமாக்குங்கள்” என்றவரின் பேச்சைக் கேட்டு ஆறு தாள்களை எடுத்துவிட்டிருந்தால், குடம் இன்னும் இலேசாகியிருக்கும். டைமிங் என்பது ஒரு செயலுக்கு எத்தனை ஃபிரேம் என்ற கணக்கு. ஸ்பேசிங் என்பது அந்த ஃபிரேம்களுக்குள் பொருள் எவ்வளவு எவ்வளவு நகர்கிறது என்ற கணக்கு. உங்களுக்குக் கருத்துச் சொன்ன இருவரும் முதலாவதைப் பற்றிப் பேசினார்கள். உங்கள் சிக்கல் பெரும்பாலும் இரண்டாவதில் இருக்கிறது.

இனி நான் செய்யச் சொல்வது இது. பிளாஸ்டிக் குடம் ஒன்று 15 லிட்டர் பிடிக்கும் என்றால், அதில் உள்ள தண்ணீர் மட்டும் 15 கிலோ. அதை 70 வயதுக்காரர் ஒரே மூச்சில் தரையிலிருந்து இடுப்புக்கு ஏற்றுவதில்லை. முதலில் கைகள் பிடிக்கும், முழங்கைகள் நீளும், தோள் கீழே இழுபடும், இடுப்பு இன்னும் சற்றுத் தாழும். இவ்வளவும் நடக்கும்போது குடம் தரையிலேயே இருக்கும். இதற்கு நான்கு தாள் கொடுங்கள். பிறகு குடம் தரையிலிருந்து தொடை வரை ஏற ஆறு தாள்: முதல் இரண்டில் மயிரிழை அளவே நகர வேண்டும், நடுவில் பெரிய தாவல், முடிவில் மீண்டும் நெருக்கம். தொடையில் ஒரு கணம் தாங்கிக்கொண்டு மூச்சு வாங்கும் இடம் ஒன்று உண்டல்லவா? அது உங்கள் காட்சியில் இல்லவே இல்லை. அதற்கு ஐந்து தாள். உடல் முழுதும் உறைந்துவிடாமல் சிறிதளவு அசைந்துகொண்டே இருக்கட்டும். தொடையிலிருந்து இடுப்புக்கு வளைவான பாதையில் மூன்று தாள், இடுப்பில் உட்கார்ந்ததும் உடல் ஒருமுறை தாழ்ந்து நிமிர ஐந்து தாள். ஆக மொத்தம் 23 தாள். பழைய 12-ஐக் கழித்தால், காட்சி ஏறத்தாழ ஒரு நொடி நீளும். நீளட்டும். இந்த எண்களை அப்படியே பின்பற்ற வேண்டும் என்பதில்லை, படமெடுத்துப் பார்த்து ஒன்றிரண்டைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நெருக்கமும் தாவலும் மாறி மாறி வரும் அந்த அமைப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓர் எட்டுக்கு 12 ஃபிரேம் என்ற வழக்கமான அட்டவணையை எடுத்து, கடைசி மூன்று நொடியில் பாட்டியை ஆறு எட்டு நடக்க வைத்திருக்கிறீர்கள். அந்த அட்டவணை கையில் சுமை இல்லாத, நடுத்தர வயதுக்காரர் இயல்பாக நடப்பதற்கானது. அதே மூன்று நொடியில் நான்கு எட்டு போதும். ஓர் எட்டுக்கு 18 ஃபிரேம், அதாவது ஒன்பது தாள் வரும். பாதம் தரையிலிருந்து அதிகம் உயர வேண்டாம். குடம் இடது இடுப்பில் இருப்பதால் உடல் வலப்பக்கம் சாய வேண்டும், இடுப்பு இடப்பக்கம் தள்ளி நிற்க வேண்டும், வலக்கை சற்று விலகி நின்று சமன் செய்ய வேண்டும். உங்கள் பாட்டி கம்பம்போல் நேராக நிற்கிறார். அந்தக் குடம் காலி என்று பார்ப்பவர் முடிவு கட்டுவதற்கு இந்த ஒன்றே போதும். இடக்காலில் எடை இறங்கும் எட்டும் வலக்காலில் இறங்கும் எட்டும் ஒன்றுபோல் இருக்கவும் கூடாது.

முந்தானைக்கும் கொண்டைக்கும் நீங்கள் செலவிட்ட உழைப்பு கண்ணில் படுகிறது. மன்னிக்கவும், இப்போதைக்கு அவை இரண்டையும் எடுத்துவிடச் சொல்வேன். உடல் நின்ற பிறகும் துணி அசைந்து அடங்க வேண்டும் என்று எங்கோ படித்து அதைச் செய்திருக்கிறீர்கள், ஆனால் உடலே சரியாக நிற்காதபோது துணி எதைப் பின்தொடரும்? தலைக்கு ஒரு வட்டம், நெஞ்சுக்கும் இடுப்புக்கும் இரண்டு பெட்டி, கைகால்களுக்குக் கோடு என்ற அளவில் பாட்டியை வரைந்து தூக்கவையுங்கள். அது நம்பும்படி அமைந்த பிறகு புடவையைக் கட்டிவிடலாம்.

எந்தக் கட்டத்தில் காட்டுவது

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் வருந்த வைத்தது இதுதான்: மூன்று மாதத்தில் நீங்கள் முதன்முறையாக யாரிடமாவது காட்டியது, மையும் வண்ணமும் முடிந்த பிறகு. முடிக்காததைக் காட்டினால் மரியாதையாக இருக்காது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தத் தொழிலில் நடைமுறை நேர்மாறானது. 1930-களில் டிஸ்னி ஸ்டுடியோவில், மையிடும் பிரிவுக்குப் போவதற்கு முன்பே பென்சில் கோடுகளை அப்படியே படம்பிடித்து, ஸ்வெட்பாக்ஸ் என்று அழைக்கப்பட்ட சிறு அறையில் ஓடவிட்டுப் பார்த்து, அங்கேயே திருத்தம் சொல்லிவிடுவார்கள். இதைத்தான் இன்றும் லைன் டெஸ்ட் அல்லது பென்சில் டெஸ்ட் என்கிறோம். முடிந்த படத்துக்குச் சொல்லப்படும் திருத்தம் சொல்பவருக்கும் சங்கடம், கேட்பவருக்கும் வலி; உங்கள் வீட்டில் எல்லோரும் நல்லா இருக்கு என்றதற்குப் பாதிக் காரணம், மூன்று மாத உழைப்பு அவர்கள் கண்முன் மின்னிக்கொண்டிருந்ததுதான்.

ஆகவே, அடுத்த முறை மூன்று கட்டங்களில் காட்டுங்கள். முதல் கட்டத்தில் கீ ஓவியங்கள், அதாவது அசைவின் முக்கிய நிலைகள் மட்டும்: நிற்பது, குனிந்து பிடிப்பது, தொடையில் தாங்குவது, இடுப்பில் ஏற்றுவது, முதல் எட்டு. ஐந்து தாள்தான், ஒவ்வொன்றையும் உரிய நேரம் திரையில் நிறுத்தி ஓடவிடுங்கள். இந்த ஐந்திலேயே கதை புரியாவிட்டால் நடுவில் எத்தனை தாள் சேர்த்தாலும் புரியாது. இரண்டாம் கட்டத்தில் ஒவ்வொரு இரண்டு கீக்கும் நடுவில் ஒரு பிரேக்டவுன், அதாவது ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குப் போகும் வழியைக் காட்டும் தாள். குடத்தின் பாதை வளைகிறதா, எந்த உறுப்பு முதலில் நகர்கிறது என்பதெல்லாம் இங்கேதான் தீர்மானமாகும். மூன்றாம் கட்டம், இன்பிட்வீன் எனப்படும் இடைத் தாள்கள் அனைத்தும் சேர்ந்த ரஃப், அதாவது முதல்நிலைப் பென்சில் வரைவு. இவற்றுக்கு அப்பால் கோடுகளைச் சுத்தமாக்கும் கிளீனப்பும் வண்ணமும் வரும்போது அசைவைப் பற்றிக் கருத்துக் கேட்க வேண்டிய தேவையே இருக்காது.

அனுப்பும் விதத்திலும் சில திருத்தங்கள் தேவை. கைபேசியைக் கையில் பிடித்து எடுத்ததால் படம் முழுவதும் நடுங்குகிறது; தாங்கியில் பொருத்தி, நேர் மேலிருந்து எடுங்கள். தாள்களும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தவில்லை. தாள்களை ஒரே இடத்தில் பிடித்துவைக்கும் தொழில்முறைப் பெக் பார் கிடைக்காவிட்டால், ஸ்டேஷனரிக் கடையில் விற்கும் இரட்டைத் துளை பஞ்ச் ஒன்றை வாங்கி, அந்தத் துளைகளுக்குள் இறுக்கமாக நுழையும் இரண்டு மரக்குச்சித் துண்டுகளை ஒரு பட்டைப் பலகையில் ஒட்டிக்கொள்ளுங்கள். முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை இதிலேயே மாட்டி வரையுங்கள், இதிலேயே மாட்டிப் படமெடுங்கள். குடம் தாளுக்குத் தாள் பெருத்தும் சிறுத்தும் தெரிவதைத் தடுக்க, அட்டையில் ஒரு குடத்தை வெட்டி வைத்துக்கொண்டு ரஃப் கட்டத்தில் அதைச் சுற்றிக் கோடு போட்டுவிடலாம். ஒவ்வொரு தாளின் எண்ணும் காணொளியில் தெரியட்டும். அப்போதுதான் ஒருவர் “அந்தத் தூக்குற இடம்” என்று பொதுவாகச் சொல்லாமல் “22-ஆம் தாள்” என்று சொல்ல முடியும். கணினி இருந்தால் கிரீட்டா, பென்சில்2டி, 2016-இல் திறமூலமாக வெளியிடப்பட்ட ஓப்பன்டூன்ஸ் ஆகிய மூன்றும் இலவசம். ஆனால் மென்பொருளுக்கு மாறினால் குறை தீரும் என்று எண்ணிவிடாதீர்கள்.

நொடிக்கு 24 தாள் வரைந்திருந்தால் மிதப்பு நீங்கியிருக்குமோ என்று கேட்டிருந்தீர்கள். நீங்காது. கையால் வரைந்த திரைப்படங்களில் மிகப் பெரும்பகுதி ஒரு தாளுக்கு இரண்டு ஃபிரேம் வீதம் எடுக்கப்பட்டதுதான். ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடர்களில் ஒரு தாளை மூன்று ஃபிரேம் வரை நிறுத்துவதும் வழக்கம். சம இடைவெளியில் 24 தாள் வரைந்தால், இன்னும் வழுவழுப்பாக மிதக்கும், அவ்வளவே வித்தியாசம்.

யாரிடம், எதைக் கேட்பது

“எப்படி இருக்கு?” என்ற கேள்விக்கு “நல்லா இருக்கு” என்பதைத் தவிர வேறு பதிலை எதிர்பார்ப்பது நியாயமில்லை. கேள்வியைக் குறுக்கினால் பதில் கூர்மையாகும். அனிமேஷன் தெரிந்தவரிடம், “20-ஆம் தாள் முதல் 30 வரை குடம் கனமாகத் தெரிகிறதா, இல்லையென்றால் எந்தத் தாளில் கனம் போகிறது?” என்று கேளுங்கள், உங்களுக்கே தெரிந்த குறைகளை முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவர் அவற்றைச் சொல்லி நேரத்தை வீணாக்க மாட்டார். முடிந்தால் தாளின் மேல் இன்னொரு தாளை வைத்து வரைந்து காட்டச் சொல்லுங்கள். வாயால் சொல்லும் பத்து நிமிடத் திருத்தத்தைவிட, 22-ஆம் தாளின் மேல் அவர் சிவப்புப் பென்சிலால் இழுக்கும் ஒரு முதுகெலும்புக் கோடு பயன் தரும்.

அனிமேஷன் தெரியாதவர்களை நீங்கள் ஒரேயடியாக ஒதுக்கிவிட்டீர்கள். “அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது, அவர் சொன்னது கணக்கில் வராது” என்று எழுதியிருக்கிறீர்கள். அதே கடிதத்தின் இன்னொரு பத்தியில், உங்கள் அம்மா பல ஆண்டுகள் தெருக்குழாயிலிருந்து குடம் சுமந்து வந்தவர் என்றும் இருக்கிறது. விளம்பர நிறுவனத்து நண்பருக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரியும். கேள்வியை மட்டும் மாற்றுங்கள். படம் எப்படி என்று கேட்காதீர்கள், “இந்தக் குடத்தில் தண்ணீர் நிறைய இருக்கிறதா, பாதியா, காலியா? இந்தப் பாட்டி தூக்குகிற விதத்தில் என்ன தப்பு?” என்று கேளுங்கள். முழங்காலை இப்படி வைத்தால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும் என்றோ, வாயைப் பிடித்த கையோடு அடியில் இன்னொரு கை கொடுக்க வேண்டும் என்றோ அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவருக்கு முடியுமானால், சம்மதமும் இருந்தால், பாதி நிறைந்த குடம் ஒன்றைத் தூக்கச் சொல்லி, உங்கள் காட்சியின் அதே கோணத்திலிருந்து கைபேசியில் படமெடுங்கள். முடியாதென்றால் நீங்களே தூக்கி, அவரை எடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான கைபேசிகள் நொடிக்கு 30 ஃபிரேமில் பதிவு செய்யும் என்பதால், 24-க்கு மாற்றும் வசதி அமைப்பில் இருந்தால் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் எண்ணிக்கையில் ஐந்துக்கு நான்கு என்று குறைத்துக் கணக்கிடுங்கள்.

அந்தப் பதிவின் மேல் தாள் வைத்து அப்படியே நகல் எடுக்கலாமா என்ற ஆசை வரும். அதற்கு ரோட்டோஸ்கோப் என்று பெயர். மாக்ஸ் ஃபிளைஷருக்கு அமெரிக்காவில் 1917-இல் இதற்கான காப்புரிமை கிடைத்தது, ஆகவே புதிய குறுக்குவழி ஒன்றும் இல்லை. கற்பதற்காக ஒருமுறை செய்து பாருங்கள், தவறில்லை. ஆனால் கோட்டை மட்டும் நகலெடுத்தால் பெரும்பாலும் எடை தாளுக்கு வந்து சேராது. எந்த ஃபிரேமில் முழங்கை நீள்கிறது, எத்தனை ஃபிரேம் குடம் அசையாமல் இருக்கிறது என்று குறிப்பெடுத்து, பதிவை மூடிவைத்துவிட்டு வரைவதுதான் உங்களுக்கு உதவும்.

பன்னிரண்டு விதிகளின் பட்டியலைப் பற்றி ஒரு சொல். டிஸ்னியில் நெடுங்காலம் பணியாற்றிய ஃபிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் இருவரும் 1981-இல் வெளியிட்ட நூலில் அவற்றைத் தொகுத்தார்கள். அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே சகாக்களோடு சேர்ந்து வரைந்து, திருத்தி, கண்டுகொண்டவை அவை. பயனுள்ளவைதான். ஆனால் ஒரு காட்சியில் பன்னிரண்டையும் நிரப்ப வேண்டும் என்ற கட்டாயம் எங்கும் இல்லை. பட்டியலை அனுப்பிவிட்டுப் போனவர் உங்கள் காணொளியை இரண்டாம் முறை ஓடவிட்டுப் பார்த்திருப்பாரா என்பதே எனக்குச் சந்தேகம். ஏஐ பற்றிச் சொன்னவரும் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. குடம் தூக்கும் பாட்டியை வரையக் கற்றுக்கொள்ள விரும்பும் உங்களுக்கு அவர் கருத்தால் ஆவது ஒன்றுமில்லை.

திருட்டு அச்சமும் உங்கள் உரிமையும்

திருடிவிடுவார்களோ என்ற அச்சத்தில் உங்கள் பெயரைப் பெரிய எழுத்துகளில் காணொளியின் கீழ்ப்பாதியில் குறுக்காகப் பதித்திருக்கிறீர்கள். எடையைப் பற்றிக் கருத்துச் சொல்ல வேண்டியவர் முதலில் பார்ப்பது கால்களை. அவற்றைத்தான் நீங்கள் மறைத்துவிட்டீர்கள். ஒரு மூலையில் சிறிய எழுத்தில் பெயரும் ஆண்டும் இருந்தால் போதும்.

பதிவு செய்யாவிட்டால் உரிமை இல்லை என்று நீங்கள் நினைப்பது சரியல்ல. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி, சொந்தமாக வரைந்த ஓவியத்துக்கு அது உருவான கணத்திலேயே பதிப்புரிமை வந்துவிடுகிறது. பதிவு கட்டாயமில்லை, தகராறு வரும்போது சான்றாக உதவும் என்பதே அதன் பயன். எண்ணிட்ட உங்கள் 72 தாள்களும் நாள் பதிவான படக்கோப்புகளும் நல்ல சான்றுகள்தாம். அதே நேரத்தில் சட்டம் எதைக் காப்பதில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். குடம் தூக்கும் பாட்டி என்ற கருவை எவரும் எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் வரைந்த அந்தப் பாட்டியின் உருவத்தையும் ஓவியங்களையும் நகலெடுப்பதுதான் மீறல். ஒருவர் விமர்சிப்பதற்காக உங்கள் படத்தின் ஒரு பகுதியை நியாயமான அளவில் எடுத்துக்காட்டுவதைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அதைத் திருட்டு என்று எண்ணிச் சண்டைக்குப் போய்விடாதீர்கள்.

உண்மையான ஆபத்து வேறோர் இடத்தில் இருக்கிறது. போட்டிக்கு அனுப்பும்போதும், வேலைக்கான சோதனைக் காட்சி வரைந்து கொடுக்கும்போதும், சில பயிற்சித் திட்டங்களில் சேரும்போதும் நீங்கள் கையெழுத்திடும் நிபந்தனைகளைப் படியுங்கள். அனுப்பும் படைப்பின் எல்லா உரிமைகளும் நடத்துபவருக்கே என்ற வரி அவற்றில் ஒளிந்திருக்கக்கூடும். பதிப்புரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், உங்கள் கையெழுத்துடன் இருந்தால்தான் செல்லும் என்கிறது 19-ஆம் பிரிவு. கால அளவு குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் அது கொள்கிறது. உரிமையை விற்ற பிறகும், படைத்தவர் நீங்கள்தான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 57-ஆம் பிரிவின்படி உங்களிடமே இருக்கும். நான் வழக்கறிஞன் அல்லன். தொழிலில் அன்றாடம் தேவைப்படும் அளவுக்கே சொல்கிறேன். பணம் கைமாறும் ஒப்பந்தம் எதுவானாலும் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

கடன் வாங்கிப் படிப்பதா?

இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. சேர்க்கைப் பிரிவில் இருப்பவர் சொல்லும் விமர்சனம் விமர்சனமாகவே இருந்தாலும், அதன் முடிவு சேர்க்கைப் படிவத்தில்தான் போய் நிற்கும். அடித்தளம் இல்லை என்றவர், எந்தத் தாளில் இல்லை என்று சொன்னாரா என்று யோசித்துப் பாருங்கள். இந்தியாவில் இருபரிமாண அனிமேஷன் வேலைகளில் பெரும்பகுதி, உறுப்புகளைத் தனித்தனியாகப் பிரித்துக் கணினியில் பொம்மைபோல் அசைக்கும் முறையில் நடக்கிறது. ஒவ்வொரு ஃபிரேமையும் கையால் வரையும் வேலைக்குச் சம்பளம் தரும் இடங்கள் குறைவு. எடையையும் சமனையும் புரிந்துகொண்ட கண் இருந்தால், அந்த முறையிலும் முப்பரிமாண அனிமேஷனிலும் அது உங்களுக்குக் கைகொடுக்கும். ஆனால் கணக்குப் பிரிவு வேலையை விட்டுவிட்டு, கடனோடு அந்தச் சந்தையில் இறங்குவதற்கு ஆறு நொடிக் காணொளி ஒன்றின் மேல் வந்த கருத்து காரணமாக இருக்கக் கூடாது.

கட்டணம் கொடுத்துத் தனிப்பட்ட முறையில் ஒருவரிடம் கற்பது இதற்கு நடுவழி. பணம் கட்டுவதற்கு முன் மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அவர் கையால் வரைந்த காட்சிகளைக் காட்டுவாரா, உங்கள் தாளின் மேல் வரைந்து திருத்துவாரா, ஒரே காட்சியைத் திருத்தித் திருத்தி எத்தனை முறை அனுப்ப அனுமதிப்பார். மூன்றாவதுதான் முக்கியம். புதுப் பாடங்களாகத் தள்ளிக்கொண்டே போகும் வகுப்பைவிட, குடம் தூக்கும் ஒரே காட்சியை நான்கு முறை திருப்பி அனுப்பும் ஆசிரியர் உங்களுக்கு அதிகம் தருவார். அப்படி ஓராண்டு கற்ற பிறகும் முழுநேரப் படிப்பு வேண்டும் என்று தோன்றினால், அப்போது உங்கள் கையில் காட்டுவதற்குச் சில காட்சிகளும் இருக்கும், நிறுவனங்களை நீங்களே எடைபோடும் தெளிவும் இருக்கும்.

பின்குறிப்பில், பழைய 72 தாள்களைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். குனிந்து பிடிக்கும் 14-ஆம் தாளும், நிமிர்ந்து நிற்கும் 33-ஆம் தாளும் நல்ல ஓவியங்கள்; 33-இல் உடலை மட்டும் வலப்பக்கம் சாய்த்துவிட்டால் புதிய காட்சிக்கும் அவை கீ ஓவியங்களாக நிற்கும். மற்றவற்றைக் கட்டி, மேலே தேதி எழுதி வையுங்கள். பின்பக்கம் காலியாக இருக்கிறதே என்று அவற்றில் புதிய ரஃப் வரைந்துவிட வேண்டாம். லைட் பாக்ஸில் வைத்தால், முன்பக்கத்து மையெல்லாம் தெரிந்து உங்களைக் குழப்பும்.